ஆக்ஸிஜன் மிஷினும் ஈ.பி. பில்லும்: வாசகர் கேள்வி-பதில்

வீட்டிலேயே மருத்துவக் கருவி ஓட்டுகிறவர்களின் மின்கட்டணம் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் தொகுத்திருக்கிறோம். நுரையீரல் சிகிச்சை, கருவிப் பராமரிப்பு, மின்பணி மூன்றிலும் வேலை செய்கிறவர்கள் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை. தமிழ்நாட்டுக் கணக்குகள் எல்லாம் 2024 ஜூலையில் அமலான வீட்டுக் கட்டணப்படி போட்டவை. விகிதம் மாறியிருந்தால் உங்கள் பில்லில் உள்ளதை வைத்துத் திரும்பப் போட்டுப் பாருங்கள்.

அப்பாவுக்கு சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். நாள் முழுக்க நிமிடத்துக்கு 2 லிட்டர் ஆக்ஸிஜன் கொடுக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். அறைக் காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் கான்சென்ட்ரேட்டர் மிஷினை வாடகைக்கு எடுத்தோம். வழக்கமாகத் தொள்ளாயிரம், ஆயிரம் என்று வரும் ஈ.பி. பில் இந்த முறை ஒன்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. நோயாளி இருக்கும் வீட்டுக்குக் கட்டணச் சலுகை உண்டா?
— வாசகி, விருதுநகர்

முதலில் கேட்டதற்குப் பதில்: இல்லை. தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டண அட்டவணையில் மருத்துவக் கருவிக்கென்று தனி வகை கிடையாது. எல்லா வீட்டுக்கும் உள்ள 100 யூனிட் இலவசம்தான் உங்களுக்கும்.

ஆனால் நீங்கள் சொன்ன தொகையே இன்னொரு சங்கதியைச் சொல்கிறது. உங்கள் வீட்டில் இருப்பது அநேகமாக நிமிடத்துக்கு 10 லிட்டர் வரை தரும் மிஷின். கணக்கைப் பாருங்கள். இரண்டு மாத பில் தொள்ளாயிரத்துச் சொச்சம் என்றால், மிஷின் வருவதற்கு முன் நீங்கள் ஓட்டியது 350 யூனிட் அளவில். முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட் 2.35 ரூபாய் வீதம் 235, மீதி 150 யூனிட் 4.70 வீதம் 705, ஆக 940 ரூபாய். 10 லிட்டர் மிஷின் சுமார் 600 வாட் இழுக்கும். 24 மணி நேரம் ஓடினால் நாளுக்கு 14.4 யூனிட், அறுபது நாளுக்கு 864. பழைய 350-ஐயும் சேர்த்தால் 1,214 யூனிட்.

இங்கேதான் அடி விழுகிறது. 500 யூனிட்டைத் தாண்டியதும் அட்டவணையே மாறிவிடும். 2.35 ரூபாய் படி காணாமல் போகும். 101 முதல் 400 வரை மொத்தமும் 4.70, 500 வரை 6.30, 600 வரை 8.40, 800 வரை 9.45, 1,000 வரை 10.50, அதற்கு மேல் 11.55. இந்த வீதத்தில் 1,214 யூனிட்டுக்கு 9,341 ரூபாய் எழுபது காசு. உங்கள் பில்லோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

இதே இடத்தில் 5 லிட்டர் மிஷின் இருந்தால் 350 வாட்தான். நாளுக்கு 8.4, அறுபது நாளுக்கு 504 யூனிட். வீட்டுச் செலவோடு சேர்த்து 854 யூனிட், பில் 5,337 ரூபாய். 300 வாட் இழுக்கும் மாடல் கிடைத்தால் 782 யூனிட், சுமார் 4,600 ரூபாய். 2 லிட்டர் எழுதிக் கொடுத்தவருக்கு 10 லிட்டர் மிஷின் தேவையே இல்லை. கடையில் அன்றைக்குக் கையிருப்பில் இருந்ததை ஏற்றி அனுப்பியிருப்பார்கள், வாடகையும் கூடுதலாக வாங்கியிருப்பார்கள். டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டி மாற்றிக் கேளுங்கள்.

மாற்றும்போது மூன்றைப் பார்க்க வேண்டும். மிஷினின் பின்புறமோ அடியிலோ ஒட்டியிருக்கும் தகட்டில் எத்தனை வாட் என்று இருக்கும். அடுத்தது, எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும் சின்ன மீட்டர். அதிகம் ஓடிய மிஷினில் ஆக்ஸிஜனைப் பிரிக்கும் ஜியோலைட் தேய்ந்திருக்கும். கரண்ட் அதே அளவுதான் இழுக்கும், ஆனால் வரும் காற்றில் ஆக்ஸிஜன் குறைவாக இருக்கும். ஆகவே மூன்றாவதாக, கொண்டு வருகிறவரிடம் அனலைஸர் வைத்துத் தூய்மை காட்டச் சொல்லுங்கள். 90 முதல் 96 சதவீதம் இருக்க வேண்டும். பெரும்பாலான மிஷின்கள் 82-85-க்குக் கீழே போன பிறகுதான் எச்சரிக்கை விளக்கைப் போடும். அதுவரை விளக்கை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

தகட்டில் இருப்பது நிஜமா என்று ஈ.பி. மீட்டரிலேயே சோதிக்கலாம். மீட்டர் முகப்பில் ஒரு சிவப்புப் புள்ளி விளக்கு சிமிட்டும். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று 3200 அல்லது 1600 போட்டிருக்கும். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் நிறுத்துங்கள், ஃபிரிட்ஜ் உட்பட. இன்வெர்ட்டர் சார்ஜ் ஆவதையும் நிறுத்த வேண்டும், பலரும் மறப்பது அதைத்தான். மிஷின் மட்டும் ஓட, ஒரு நிமிடத்தில் எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ணுங்கள். 3200 மீட்டரில் ஒரு சிமிட்டல் 18.75 வாட். நிமிடத்துக்கு 19 வந்தால் 356 வாட், அது 5 லிட்டர் மிஷினுக்குச் சரி. 32 வந்தால் 600 வாட். 1600 மீட்டர் என்றால் ஒரு சிமிட்டலுக்கு 37.5 வாட். துல்லியம் வேண்டுமானால் ஐந்து நிமிடம் எண்ணி ஐந்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. கடுமையான சளி, நிமோனியா வந்து அட்மிட் ஆனவர்களுக்கு வீட்டுக்கு வரும்போது ஆக்ஸிஜன் தேவைப்படும், இரண்டு மூன்று மாதத்தில் அந்தத் தேவை இல்லாமலும் போகலாம். வீட்டுக்கு வந்த 60 முதல் 90 நாளுக்குள் நுரையீரல் மருத்துவரிடம் மறுபடி காட்டி, நாள் முழுக்க வேண்டுமா, 15 மணி நேரம் போதுமா, அறவே நிறுத்தலாமா என்று ரத்த வாயுப் பரிசோதனையோடு முடிவெடுக்க வேண்டும். நிறையப் பேர் இதற்குப் போவதே இல்லை, மிஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். மருத்துவர் 15 மணி நேரம் என்று மாற்றினாலே உங்கள் வீட்டுக் கணக்கில் 854 யூனிட் 665 ஆகும், பில் சுமார் 3,500-க்கு இறங்கும்.

மிஷினில் 2 லிட்டரை 1 லிட்டராகக் குறைத்து வைத்தால் கரண்ட் மிச்சமாகுமா? பில்லைப் பார்த்த மாமனார், "ராத்திரி தூங்கும்போது எனக்கு எதற்கு, நிறுத்திவிடு" என்கிறார்.
— வாசகி, நாகர்கோவில்

குறைத்து வைப்பதில் மிச்சம் அநேகமாக ஒன்றுமில்லை. மிஷினுக்குள் இருக்கும் கம்ப்ரெஸர், குமிழை எங்கே திருப்பி வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் ஓடும். அதிகமாகத் தயாரானதை மிஷின் வெளியே விட்டுவிடும், அவ்வளவுதான். நிமிடச் சிமிட்டலை எண்ணிப் பார்த்தால் நீங்களே தெரிந்துகொள்ளலாம். நீங்கள் குறைத்தது கரண்டை அல்ல, மாமனாருக்குப் போகும் ஆக்ஸிஜனை.

இரவில் நிறுத்துவது அதைவிட மோசம். தூக்கத்தில் மூச்சு ஆழம் குறையும், ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்குவது அப்போதுதான் அதிகம். நாளுக்குக் குறைந்தது 15 மணி நேரம் என்று மருத்துவர்கள் சொல்லும்போது இரவு முழுவதையும் அதில் சேர்த்தே சொல்கிறார்கள். இடைவெளி விட வேண்டுமென்றால் பகலில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில், மருத்துவர் ஒப்புக்கொண்ட பிறகு விடலாம். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: மூச்சு வாங்குகிறதென்று வீட்டிலேயே 4, 5 என்று ஏற்றிவிடுவது. சி.ஓ.பி.டி. உள்ளவர்களுக்கு ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு பொதுவாக 88 முதல் 92 சதவீதம் போதும் என்று வைத்திருப்பார்கள். அதற்கு மேல் ஏற்றினால் கரியமில வாயு தேங்கி மயக்கத்தில் கொண்டுபோய் விடும்.

மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் ஃபில்டர். வெளிப்பக்கம் இருக்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டரை வாரம் ஒரு முறை சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். ரோட்டோர வீடு, சாம்பிராணி போடுகிற வீடு என்றால் வாரத்துக்கு இரண்டு முறை. ஈரத்தோடு மாட்டினால் அந்த ஈரம் உள்ளே போய் ஜியோலைட்டைக் கெடுக்கும். அதனால் இரண்டு ஸ்பாஞ்ச் வாங்கி மாற்றி மாற்றிப் போடுவது நல்லது. ஃபில்டர் அடைத்த மிஷின் சூடாகும், சத்தம் கூடும், தூய்மை இறங்கும். ஆக்ஸிஜனை ஈரமாக்கும் தண்ணீர் பாட்டிலின் மூடி விரிசல் விட்டிருந்தாலும் காற்று அங்கேயே கசிந்துவிடும். சந்தேகம் வந்தால் மூக்கில் வைக்கும் முனையை ஒரு டம்ளர் தண்ணீரில் முக்குங்கள். குமிழ் விடாமல் வர வேண்டும். வரவில்லையென்றால் மூடியிலிருந்து ஒவ்வொரு இணைப்பாகப் பாருங்கள்.

அம்மா இருக்கும் அறையில் ஏ.சி.யும் ஆக்ஸிஜன் மிஷினும் சேர்ந்து ஓடுகின்றன. ஏ.சி. நிற்காமல் ஓடுகிறது, அறை குளிரவே மாட்டேன் என்கிறது. ஏ.சி. ரிப்பேரா?
— வாசகர், வேலூர்

ஏ.சி.யை மெக்கானிக்கிடம் காட்டும் முன் மிஷினை அறைக்கு வெளியே வைத்துப் பாருங்கள். அது இழுக்கும் 350 வாட்டும் கடைசியில் சூடாகத்தான் அறைக்குள் வருகிறது. சின்ன அறைக்குள் ஒரு ஹீட்டரைப் போட்டுவிட்டு ஏ.சி.யை ஓட்டுகிறீர்கள், இரண்டுக்கும் நீங்களே கட்டணம் கட்டுகிறீர்கள்.

மிஷினை ஹாலிலோ நடையிலோ வைத்து, நீளக் குழாயில் அறைக்குள் கொண்டு வரலாம். சாதாரணக் குழாயில் 15 மீட்டர், அதாவது ஐம்பது அடி வரை பெரும்பாலான 5 லிட்டர் மிஷின்கள் தாங்கும். உங்கள் மாடலுக்கு எவ்வளவு என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். துண்டு துண்டாக ஒட்டாமல் ஒரே குழாயாக வாங்குங்கள். மாட்டியபின் அம்மாவின் விரலில் ஆக்ஸிமீட்டர் வைத்து அரை மணி நேரம் பார்த்துவிட்டு விடுங்கள். ஏ.சி. அறைக்குள் நுழையும் இடத்தில் குழாய்க்குள் ஈரம் கோத்துக்கொள்ளும். அதைப் பிடிக்கச் சின்ன வாட்டர் ட்ராப் கிடைக்கிறது, இணைப்பின் தாழ்வான இடத்தில் போடுங்கள். குழாயைத் தரையின் குறுக்கே விடாமல் சுவரோரமாகக் கிளிப் அடியுங்கள். வயதானவர் பாத்ரூம் போகும்போது கால் மாட்டுவது இதில்தான்.

மிஷினை அலமாரிக்குள்ளோ திரைக்குப் பின்னாலோ ஒளித்து வைக்க வேண்டாம். நாலாபக்கமும் ஓரடி இடைவெளி வேண்டும். அடுப்பங்கரை, விளக்கு ஏற்றும் பூஜை இடம் இவற்றிலிருந்து மிஷினும் குழாயும் பத்தடியாவது தள்ளி இருக்க வேண்டும்.

கணவருக்கு ஸ்லீப் ஆப்னியா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய். இரவில் மாஸ்க் வழியாகக் காற்றழுத்தம் தரும் சிபேப் மிஷினைப் போட்டுத் தூங்கச் சொல்லியிருக்கிறார்கள். பில் எகிறும் என்று பயந்து வாங்காமல் தள்ளிப் போடுகிறார்.
— வாசகி, கும்பகோணம்

பயப்பட ஒன்றுமில்லை. சிபேப் தனியாக 30 வாட் அளவில்தான் இழுக்கும். தண்ணீரைச் சூடாக்கும் ஹியூமிடிஃபையரும் சூட்டுக் குழாயும் சேர்ந்தால் 70, 80 வரை போகலாம். எட்டு மணி நேரம் போட்டால் இரவுக்குக் கால் யூனிட்டிலிருந்து முக்கால் யூனிட்டுக்குள், இரண்டு மாதத்துக்கு 15 முதல் 40 யூனிட். நானூறுக்குள் இருக்கும் வீட்டில் இது இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

ஒரே ஒரு கண்ணி உண்டு. ஏற்கெனவே 490 யூனிட் ஓட்டும் வீடாக இருந்தால் இந்த 15 யூனிட்டே 500-ஐத் தாண்டவைக்கும். 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய், 505 யூனிட்டுக்கு 2,082. ஐந்தே யூனிட்டுக்கு 277 ரூபாய். எனவே ரீடிங் எடுத்து ஐம்பதாவது நாளில் மீட்டரை நீங்களே ஒரு முறை பாருங்கள். 420-ஐத் தாண்டியிருந்தால் மீதிப் பத்து நாளுக்குக் கீசரையும் அயர்ன் பாக்ஸையும் கொஞ்சம் அடக்கி வாசித்தால் போதும். சிபேப்பை நிறுத்த வேண்டியதில்லை.

மாதாந்தரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்தினால் மதியம் இரண்டு மணிக்குத்தான் வருகிறது. தாத்தாவுக்கு ஆக்ஸிஜன் மிஷின். 150 ஏஹெச் பேட்டரியோடு இன்வெர்ட்டர் போட்டால் ஐந்து மணி நேரம் தாங்குமா?
— வாசகர், பொள்ளாச்சி

தாங்காது. கடைக்காரர் 150-ஐ 12-ஆல் பெருக்கி 1,800 வாட் மணி என்று காட்டி, 350-ஆல் வகுத்து ஐந்து மணி நேரம் என்பார். காகிதத்தில் சரி. ஆனால் இந்த அளவு வேகமாக இழுத்தால் லெட் ஆசிட் பேட்டரி தன் முழுக் கொள்ளளவைத் தராது. அடிமட்டம் வரை வற்ற விட்டால் ஆயுள் போய்விடும். இன்வெர்ட்டரும் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும். புதுப் பேட்டரியில் மூன்று மணி நேரம் வந்தால் நல்லது, இரண்டு வருடம் ஆனதில் இரண்டு மணி நேரமே பெரிது. அதிலும் அதே இன்வெர்ட்டரில் இரண்டு ஃபேனும் டி.வி.யும் ஓடினால் கேட்கவே வேண்டாம்.

இன்வெர்ட்டர் கட்டாயம் சைன் வேவ் வகையாக இருக்க வேண்டும். விலை குறைந்த ஸ்கொயர் வேவ் வகையில் கம்ப்ரெஸர் உறுமும், சூடாகும், சில மாதத்தில் போய்விடும். மிஷின் ஆரம்பிக்கும் நொடியில் பல மடங்கு கரண்ட் இழுக்கும் என்பதால் 350 வாட்தானே என்று சின்ன இன்வெர்ட்டர் வாங்கக் கூடாது. 900 விஏ-வுக்குக் குறையாமல் பாருங்கள். மிஷினுக்கென்று தனி லைன் இழுத்து, அந்த லைனில் வேறு எதையும் மாட்டாதீர்கள்.

மீதி நேரத்துக்குச் சிலிண்டர்தான். கையால் தூக்கக்கூடிய பி டைப் சிலிண்டர் நிரம்பியிருந்தால் சுமார் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் பன்னிரண்டு மணி நேரம் வரும். ஒரு சிலிண்டர், ரெகுலேட்டர், திறக்கும் சாவி மூன்றையும் சேர்த்தே ஒரே இடத்தில் வையுங்கள். சாவி ஒரு பக்கம், சிலிண்டர் ஒரு பக்கம் கிடந்து இருட்டில் தேடுவது சர்வசாதாரணம். சிலிண்டரைச் சங்கிலி போட்டுச் சுவரோடு கட்டுங்கள், வால்வில் எண்ணெய், கிரீஸ் படக்கூடாது. மாதம் ஒரு முறை திறந்து முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பேட்டரியை முதலில் தீர்த்துவிட்டுச் சிலிண்டருக்குப் போகாமல், அறிவித்த மின்தடை என்றால் சிலிண்டரிலேயே ஆரம்பித்துவிடுங்கள். அறிவிக்காமல் போகும் கரண்டுக்குப் பேட்டரி மிஞ்சியிருக்க வேண்டும்.

எந்தெந்த ஊரில் என்றைக்கு நிறுத்துகிறார்கள் என்பது முதல்நாள் செய்தித்தாளிலும் மின்வாரிய இணையதளத்திலும் வரும். உங்கள் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளருக்கு (ஏ.இ.) மின் இணைப்பு எண், மருத்துவர் சீட்டு நகலோடு ஒரு கடிதம் கொடுத்து வைப்பதும் நல்லது. அதனால் கரண்ட் நிற்காமல் இருக்காது. ஆனால் தெருவில் லைன் போனால் எந்த வீட்டில் அவசரம் என்று லைன்மேனுக்குத் தெரிந்திருக்கும். இரவில் போனால் மின்னகம் எண் 94987 94987, 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

மாலையில் வோல்டேஜ் இறங்கும் ஊர்களில் மிஷின் விட்டு விட்டுக் கத்தும். அது மிஷின் கோளாறு அல்ல. 1 கேவிஏ ஸ்டெபிலைசர் போட்டால் சரியாகிவிடும்.

வாடகை வீடு. சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வாங்குகிறார் வீட்டுக்காரர். மனைவிக்கு மூச்சுக்கு உதவும் பைபேப் மிஷினும் ஆக்ஸிஜனும் ஓடுகிறது. வேறு வழி உண்டா?
— வாசகர், சென்னை, ஆவடி

பத்து ரூபாய் நியாயமா என்பதைக் கணக்கு போட்டுச் சொல்லிவிடலாம். உங்கள் போர்ஷனும் அவர் வீடும் ஒரே இணைப்பில் சேர்ந்து 900 யூனிட் ஓடியதாக வைத்துக்கொள்வோம். வாரியத்துக்குக் கட்ட வேண்டியது 5,820 ரூபாய். சராசரி 6.47. அவரிடம் சண்டை பிடிக்காமல், வாரிய பில்லைக் காட்டச் சொல்லி, மொத்தத் தொகையை இருவர் ஓட்டிய யூனிட்டுக்குத் தகுந்தபடி பிரிக்கலாம் என்று கேளுங்கள். வாங்கிய கரண்டை லாபம் வைத்து விற்க அவருக்கு உரிமம் கிடையாது என்பது அவருக்கும் தெரியும். ஆனால் அதை முதல் வாக்கியமாகச் சொன்னால் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்.

நிலையான தீர்வு தனி இணைப்பு. தனி வாசல், தனிச் சமையலறை என்று உண்மையிலேயே தனிக் குடியிருப்பாக இருந்தால் அதற்குத் தனி மீட்டர் வாங்கலாம், உங்களுக்கென்று 100 யூனிட் இலவசமும் குறைந்த படியும் கிடைக்கும். உரிமையாளர் சம்மதம் வேண்டும். செலவை நீங்களே ஏற்கிறேன் என்றால் பாதிப் பேர் இறங்கி வருவார்கள். ஒரே குடும்பம் இருக்கும் ஒரே வீட்டுக்கு, மேல்படிக் கட்டணத்தைத் தப்பிப்பதற்காக இரண்டு மீட்டர் வாங்குவது மட்டும் வேண்டாம். ஆய்வுக்கு வந்தால் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார்கள்.

சோலார் போட்டால் மிஷின் செலவு தீருமா?
— வாசகர், திண்டுக்கல்

சொந்த மாடி, சொந்தப் பெயரில் இணைப்பு, ஆண்டுக் கணக்கில் ஓட வேண்டிய மிஷின், இந்த மூன்றும் இருந்தால் போடலாம். ஆறு மாதத் தேவைக்குப் போடாதீர்கள்.

1 கிலோவாட் நம் ஊர் வெயிலில் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். 2 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 480, கிட்டத்தட்ட 5 லிட்டர் மிஷின் தின்கிற அளவு. முதல் கேள்வியில் பார்த்த 854 யூனிட் வீடு 374-க்கு இறங்கும், 5,337 ரூபாய் பில் ஆயிரத்துச் சொச்சமாகும். விலை உயர்ந்த மேல்படி யூனிட்டுகள்தான் முதலில் கழிகின்றன என்பதால் இந்த வீடுகளுக்கு சோலார் மற்றவர்களைவிடச் சீக்கிரம் போட்ட பணத்தை எடுத்துவிடும். 2024-ல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம். இணையதளத்தில் பதிவு செய்து, பட்டியலில் உள்ள நிறுவனம் மூலம் போட்டு, இருவழி மீட்டர் மாட்டிய பிறகுதான் மானியம் வங்கிக் கணக்கில் வரும். அதுவரை முழுத் தொகையும் கையிலிருந்து போக வேண்டும். வாரியத்துக்குக் கட்ட வேண்டிய இதரக் கட்டணங்களைப் பிரிவு அலுவலகத்தில் முன்பே கேட்டுக் கணக்கில் சேருங்கள்.

விற்கிறவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்று: இந்தத் திட்டத்தில் வழக்கமாகப் போடும், தெரு லைனோடு இணைந்து ஓடும் ஆன்-கிரிட் சோலார், தெருவில் கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும், உச்சி வெயிலானாலும். லைனில் வேலை செய்கிறவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். எனவே பேட்டரியும் சிலிண்டரும் அப்படியே இருக்கட்டும்.

லண்டனில் இருக்கிறோம். எங்களோடு இங்கேயே நிரந்தரமாகக் குடியிருக்கும் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்து வீட்டுக்கு ஆக்ஸிஜன் மிஷின் வந்திருக்கிறது. கரண்ட் செலவை யாரோ திருப்பித் தருவார்கள் என்கிறார்களே, உண்மையா?
— வாசகர், ஹாரோ

உண்மை. இங்கிலாந்தில் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். மூலம் வரும் வீட்டு ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டரின் மின்செலவை, மிஷினைக் கொண்டுவந்து வைத்த சப்ளை நிறுவனமே திருப்பித் தர வேண்டும். மின்சார நிறுவனத்திடம் கேட்டால் தெரியாது என்பார்கள், அங்கே கேட்காதீர்கள். மிஷினில் ஓடிய மணி நேரத்தை வைத்துக் கணக்கிட்டு வங்கிக் கணக்கில் போடுவார்கள். மாட்டிவிட்டுப் போகும் நாளிலேயே கொடுக்கும் படிவத்தில் வங்கி விவரம் எழுதாமல் விட்டதால் மாதக்கணக்கில் வராமல் இருக்கும் குடும்பங்கள் உண்டு. உங்கள் படிவம் போயிற்றா என்று போன் செய்து கேளுங்கள். 350 வாட் மிஷின் நாள் முழுக்க ஓடினால் வருடத்துக்கு 3,066 யூனிட். யூனிட் 26 பென்ஸ் என்று வைத்தால் ஏறக்குறைய 800 பவுண்ட். விட்டுவிடுகிற தொகையா இது?

வீட்டில் ஹீமோடயாலிசிஸ் செய்கிறவர்கள் தண்ணீர், மின்சாரச் செலவை அவரவர் ஆஸ்பத்திரியின் சிறுநீரகப் பிரிவில் கேட்க வேண்டும். வென்டிலேட்டர், ஃபீடிங் பம்ப், சளியை உறிஞ்சி எடுக்கும் சக்ஷன் போன்றவற்றுக்கு நாடு முழுமைக்குமான ஒரே ஏற்பாடு இல்லை. இருந்தாலும் எழுதிக் கொடுத்த பிரிவில் ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

இத்தோடு இரண்டு வேலை. மின்சார நிறுவனத்திலும், உங்கள் பகுதிக்கு லைன் கொண்டுவரும் நெட்வொர்க் நிறுவனத்திலும் முன்னுரிமைச் சேவைப் பதிவேட்டில் அம்மாவின் பெயரைச் சேருங்கள். இலவசம்தான். திட்டமிட்ட மின்தடையை முன்கூட்டியே சொல்வார்கள், திடீரென்று போனால் 105-ஐ அழைக்கலாம். ஓய்வூதிய வயதைத் தாண்டியவர் என்றால் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் என்ற அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். குடியிருப்புத் தகுதியும், அன்றாடம் பிறர் உதவி தேவைப்படும் நிலையும் இருக்க வேண்டும். வருமானமும் சேமிப்பும் பார்க்க மாட்டார்கள்.

மகனுக்குத் தசைச்சிதைவு நோய். காற்று மெத்தை, சக்ஷன், நெபுலைசர் மூன்றும் வைத்திருக்கிறோம். இவற்றால் எவ்வளவு கரண்ட் ஆகும்? அரசு உதவி ஏதாவது?
— வாசகி, தருமபுரி

காற்று மெத்தையின் பம்ப் 10 வாட்டுக்குள்தான். இரவும் பகலும் ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு 15 யூனிட். சக்ஷனும் நெபுலைசரும் நூறு, நூற்றைம்பது வாட் இழுத்தாலும் ஓடுவது சில நிமிடங்கள், கணக்கில் வராது. மெத்தை பம்பை மட்டும் எந்தக் காரணத்துக்கும் நிறுத்தாதீர்கள், படுக்கைப் புண் வந்தால் ஆகும் செலவு பல மடங்கு. கரண்ட் போனால் சில மாடல்களில் காற்று இறங்கிவிடும். குழாயைப் பம்பிலிருந்து கழற்றி, கூடவே வரும் மூடியால் அடைத்து வைத்தால் சில மணி நேரம் தாங்கும். சக்ஷனுக்கு மட்டும் காலால் மிதிக்கும் வகை ஒன்றைத் தனியாக வாங்கி வையுங்கள். சளி அடைத்த நேரத்தில் கரண்டுக்குக் காத்திருக்க முடியாது.

மின்சாரத்துக்கென்று உதவி இல்லை. ஆனால் தசைச்சிதைவு நோய் உள்ளவர்களுக்குத் தமிழ்நாடு அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், போட்டோவுடன் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கணவர் வருமான வரி கட்டுகிறவராக இருந்து பழைய வரிமுறையில் இருந்தால், மாற்றுத்திறனாளியைப் பராமரிப்பவருக்கு 80டிடி என்று எல்லோரும் அறிந்த வரிக் கழிவும் உண்டு: 40 சதவீத ஊனத்துக்கு 75,000, 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 1,25,000 ரூபாய். செலவுக்கு ரசீது காட்ட வேண்டியதில்லை, மருத்துவச் சான்றிதழ் காலாவதியாகாமல் இருந்தால் போதும்.